வருவதற்கு அரைமணி நேரம் முன்பு

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுதத் தொடங்கினேன். ஒரு சிறுபத்திரிகையின் ஆசிரியர், பழைய நண்பர், தொலைபேசியில் கேட்டார்: "சும்மாதானே இருக்கீங்க? தினமும் கண்ணு முன்னாடி நடக்குற விஷயத்தைப் பத்தி ஜனங்க ஏன் யோசிக்கவே மாட்டேங்குறாங்கன்னு ஒரு எட்டுப் பக்கம் எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா கோபம் இல்லாம இருக்கும்."

முப்பத்தொரு வருடம் செய்தியாளனாக இருந்தவனுக்குக் கடைசியில் கிடைத்த பெயர் அது. கோபம் இல்லாமல் எழுதுகிறவன்.

முதலில் ஒரு கோழிக்கடைக்குப் போனேன். மூன்று காலைகள், எதிர்ப்புறம் நின்று குறிப்பெடுத்தேன். நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் கூண்டுக்குள் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். "அது வேணாம், அந்த மூலையில நிக்குதே, அதை எடுங்க." கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு திரும்பிய கணத்தில் முப்பத்தெட்டு பேர் சாலையைப் பார்த்தார்கள். சாலையில் விசேஷமாக எதுவும் இல்லை. மீதி ஐந்து பேரில் மூவர் குழந்தைகள்.

"ஏன் எல்லாரும் திரும்பிக்கிறாங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"திரும்பட்டும் சார். பாத்துக்கிட்டே நின்னா எனக்குக் கை ஓடாது."

நல்ல தொடக்கம். எண்ணிக்கை இருந்தது, ஒரு மனிதரின் பேச்சு இருந்தது. இரண்டு பக்கம் தடையில்லாமல் போயிற்று. மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிய வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.' எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். அந்த வாக்கியம் கோழிக்கடையில் கிடைத்ததல்ல. எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையே கட்டுரையைக் கைவிட்டுக் கதைக்குத் தாவினேன். கதையில் ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

2

தொடக்கம் அ: "பள்ளி ஆசிரியை ஒருத்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் முதியோர் இல்லத்தில் இருக்கும் தன் அப்பாவைப் பார்க்கப் போவாள். கிளம்புவதற்கு முன்னால் அவள் தவறாமல்—"

(விட்டுவிட்டேன். ஆசிரியை என்று எழுதியதுமே அவள் நல்லவளாகிவிட்டாள். கைப்பையில் அப்பாவுக்கு ஆரஞ்சுப் பழம் வேறு வைத்துவிட்டேன். நான் ஒரு தடவைகூடப் பழம் வாங்கிப் போனதில்லை.)

தொடக்கம் ஆ: "அந்த இல்லத்தின் நிர்வாகி இரக்கமே இல்லாதவள். அவளுடைய கண்களில்—"

(பொய். நிர்வாகி மேடம் நல்ல மாதிரி. அவருடைய கண்களில் தூக்கக் கலக்கத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. கெட்டவள் ஒருத்தி இருந்திருந்தால் கதை எதற்கு? ஒரு புகார்க் கடிதம் போதும்.)

தொடக்கம் இ: "எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்."

இதை நான் அடிக்கவில்லை.

3

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நாற்பது வருடம் அடுக்குமாடிகளிலும் மருத்துவமனைகளிலும் லிஃப்ட் பழுது பார்த்தார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசுவார்: "பயப்படாதீங்கம்மா, கீழ விழாது. விழுற லிஃப்ட்டை நான் தொடறதே இல்ல." உள்ளே அழுதுகொண்டிருப்பவர் சிரித்துவிடுவார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

அறுபத்தாறு வயதில் மறதி தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின. பிறகு கிழமைகள். பிறகு எது தன் வீடு என்பது. கை மட்டும் மறக்கவில்லை. குழாய், கதவுக் கைப்பிடி, மின்விசிறி ரெகுலேட்டர், அண்ணியின் தையல் மிஷின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றினார். கழற்றியதைத் துணி விரித்து அளவுவாரியாக வரிசையாய் அடுக்கி வைப்பார். திருப்பி மாட்டத்தான் தெரியவில்லை.

அண்ணிக்கு ஏற்கெனவே முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஒருநாள் அழைத்தார்.

"தம்பி, நேத்து கேஸ் அடுப்பைப் பிரிச்சுட்டாரு. குளிச்சுட்டு வெளிய வர்றேன், வீடு பூரா வாடை. என்னங்க இதுன்னா, 'சர்வீஸ் நடக்குது, தள்ளி நில்லுங்க மேடம்'ங்குறாரு. என்னையே மேடம்ங்குறாரு."

சிரித்தார். பிறகு அழுதார்.

முதியோர் இல்லத்தில் சேர்ப்பதென்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். அண்ணி, வேறு நாட்டில் இருக்கும் அவர்கள் மகள், நான், என் மனைவி. (இந்த 'எல்லோரும்' என்ற சொல்லைப் பத்திரிகையில் அடிக்கடி பயன்படுத்தியிருக்கிறேன். யாரைப் பற்றிய முடிவோ அவர் பெரும்பாலும் அதற்குள் இருப்பதில்லை.)

4

இல்லம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. முதல் நாள் படியேறிப் போகும்போது அண்ணன் லிஃப்ட் கதவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனார். அவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐந்து அறைகள், இருபத்திரண்டு கட்டில்கள். சுத்தமாகத்தான் இருந்தது. பகலில் இரண்டு உதவியாளர்கள். அவர்களில் மூத்தவளை எல்லோரும் சின்னக்கா என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அண்ணனுக்கு அவள் முதல் வாரத்திலேயே 'இஞ்சினியர்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

வரவேற்பு மேசைக்கு மேலே ஒரு பலகை: 'உறவினர்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு தொலைபேசியில் தெரிவிக்கவும்.'

"குளிப்பாட்டி, துணி மாத்தி, பளிச்சுனு வச்சிருப்போம் சார்," என்றார் மேடம். "நீங்க பாக்குறப்ப உங்களுக்கும் சந்தோஷமா இருக்கணும்ல?"

தலையாட்டினோம். பதினொரு மாதம் எல்லோரும் ஒழுங்காக அழைத்துவிட்டுப் போனோம். அண்ணி புதனும் ஞாயிறும், நான் சனிக்கிழமை. "போன் பண்ணிட்டீங்களா தம்பி?" என்று அண்ணி கேட்பது, மழை நாளில் குடை எடுத்தாயா என்று கேட்பது போல இருக்கும். சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு பேரின் உறவினர்கள் என்றால் எப்படியும் ஐம்பது அறுபது பேர். அவர்களில் ஒரு வக்கீல் இருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி இருந்தார்.

நான் இருந்தேன்.*

*சொல்லாமல் போவதுதான் என் தொழில். சிறைச்சாலைக்கு, அனாதை விடுதிக்கு, அரசு மருத்துவமனையின் பின்வாசலுக்கு அப்படிப் போயிருக்கிறேன். 'முன்னறிவிப்பில்லாமல் சென்றபோது' என்று தொடங்கும் கட்டுரைகள் என்னுடையவை ஏழு இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. அந்தக் கேடயத்தின் ஆணி தளர்ந்தபோது திருகி மாட்டிக் கொடுத்தவர் அண்ணன்.

சேர்த்த சில வாரங்களில், அண்ணனுக்கு முழுக்கைச் சட்டை கொண்டுவரச் சொன்னார்கள். அறையில் ஏசி, குளிரும் என்றார்கள். ஆறு சட்டை வாங்கிக் கொடுத்தோம். என் மனைவிதான் நிறம் பார்த்து எடுத்தாள்.

5

இந்தப் பகுதியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நடந்ததை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அழைத்து, நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னேன். பேருந்துக்குக் காத்து நின்றபோது எதிர்வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. அண்ணனின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

சின்னக்கா கட்டிலோரம் குந்தியிருந்தாள். முதுகு என் பக்கம். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துச் செய்த ஒரு நாடா, அண்ணனின் இடது மணிக்கட்டைச் சுற்றி, கட்டில் கம்பியில் முடிச்சிட்டிருந்தது. முடிச்சு இறுகிவிட்டது போலிருக்கிறது. பல்லால் கடித்து இளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டாதீங்க இஞ்சினியரே. தம்பி வந்துருவாரு. கொஞ்சம் பொறுங்க, என் ராசால்ல?"

இனி நான் எழுதிய மற்ற மூன்று:

(ஒன்றில் உள்ளே போய் "என்னம்மா இது?" என்று கேட்கிறேன். குரல் நடுங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது.)

(இன்னொன்றில் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, நானும் முடிச்சை அவிழ்க்கிறேன். யாரும் பேசுவதில்லை. பத்திரிகைக்கு இது பிடிக்கும்.)

(மூன்றாவதில் மேடத்தின் அறைக்குப் போகிறேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து— இதை முடிக்கவில்லை.)

நடந்தது: நான் பின்வாங்கினேன். செருப்புச் சத்தம் கேட்காதபடி பக்கவாட்டில் கால்வைத்து நாற்பத்து நான்கு படிகளும் இறங்கினேன். டயர் கடை வாசலில் நின்றேன்.

"என்ன சைஸ் சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, சும்மா."

"சும்மா டயர் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்," என்று சிரித்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்கு, இந்த முறை சத்தமாக, திருப்பத்தில் ஓர் இருமலுடன், படியேறினேன். அண்ணன் தலை வாரி, பவுடர் போட்டு, முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"கரெக்ட்டா நாலு மணி," என்றாள் சின்னக்கா.

அடுத்த சனிக்கிழமை முக்கால் மணி நேரம் முன்னதாக அழைத்தேன். அவள் அவசரப்பட வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக.

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதத்தான் கோழிக்கடை, ஆசிரியை, ஆரஞ்சுப் பழம் எல்லாம் வேண்டியிருந்தது. ஒரு மனிதனின் கையைக் கட்டியிருப்பதைப் பார்த்த பிறகு நான் எடுத்த ஒரே நடவடிக்கை அது. பதினைந்து நிமிடம் கூடுதல் அவகாசம் கொடுத்தேன்.

6

அதற்குப் பிறகு பார்க்காமலிருப்பது கடினமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியுடன் நானும் போயிருந்தேன். மூவரும் உட்கார்ந்திருக்கும்போது வரவேற்பு மேசையில் தொலைபேசி மணி அடித்தது. வேறு யாரோ, வேறு யாரையோ பார்க்க வருவதாகச் சொல்லியிருப்பார்கள். மணி அடித்ததும் அண்ணன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். மணிக்கட்டுகள் மேலே தெரியும்படி, ஒன்றோடொன்று சேர்த்து. அப்படியே வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார்.

"டீ கேக்குறாரு," என்றார் அண்ணி. "மணி அடிச்சா டீ வரும்னு நினைப்பு. எப்பப் பாரு இதே கூத்துதான்."

பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து அந்தக் கைகளில் வைத்தார். அண்ணன் பிஸ்கட்டைப் பார்த்தார். கையை மடக்கவில்லை.

"சாப்பிடுங்க," என்றார் அண்ணி.

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க முயன்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவரும் அதையேதான் முயன்றுகொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேரும் ஏசி ரொம்பக் குளிர்வதைப் பற்றிப் பேசினோம்.

7

பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்: வாசகருக்கு இந்த ஆளை இதற்கு மேல் சகிக்க முடியுமா? முடியாது என்றால் நல்லதுதான். ஆனால் இந்த இடத்தில் அவன் ஒன்று செய்கிறான். முதலில் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

மணி அடித்தால் கட்டு அவிழும். அப்படியானால் அழைத்தால் போதும், போக வேண்டியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்தே அழைத்தேன். "இன்னிக்கு ஒரு வேலையா அந்தப் பக்கம் வர்றேன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போறேன்."

"வாங்க சார்."

போகவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவிழ்ப்பாள். இப்போது தலை வாருவாள். இப்போது அண்ணன் எழுந்து நடப்பார். எப்படியும் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பார்கள், பிறகுதான் ஆள் வரவில்லை என்று முடிவு செய்வார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் அவருக்குக் கொடுத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன். என் மனைவி, "என்ன, ஏதாவது எழுதி முடிச்சீங்களா? மூஞ்சி தெளிவா இருக்கு," என்றாள்.

வியாழக்கிழமையும் செய்தேன். அடுத்த வாரம் மூன்று முறை. ஒரு தடவை பல் வைத்தியரிடம் போவதாகச் சொன்னேன், ஒரு தடவை நண்பர் வீட்டுக் கல்யாணம், ஒரு தடவை காரணமே சொல்லவில்லை. செய்தியாளனாக இருந்த காலத்தில் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லியிருந்தால் ஆசிரியராகியிருப்பேன்.

(இந்த இடத்தில் கதை கொஞ்சம் மேலே எழும்புகிறது. கவனித்திருப்பீர்கள். எழுதும்போது நானும் கவனித்தேன். இங்கேயே முடித்திருக்கலாம்: தம்பி பொய் சொல்கிறான், அண்ணன் நடக்கிறார். கடைசி வரியில் சன்னல் வெளிச்சம்.)

8

அந்தச் சனிக்கிழமை நிஜமாகவே போனேன். மூன்றே காலுக்கு அழைத்தேன், நான்கு மணிக்குப் படியேறினேன், திருப்பத்தில் இருமினேன். கதவு திறந்திருந்தது.

அண்ணனின் இரண்டு கைகளும் கட்டப்பட்டிருந்தன. தலை வாரவில்லை. சட்டைக் கை முழங்கைக்கு மேலே சுருண்டிருந்தது. மணிக்கட்டின் தோல் பளபளவென்று, நீரில் ஊறிய காகிதம் போல இருந்தது. அடுத்த கட்டில்காரருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த சின்னக்கா என்னைப் பார்த்தாள்.

"அட, நிஜமாவே வந்துட்டீங்களா?"

அவள் குரலில் பயம் இல்லை. கொஞ்சம் எரிச்சல்தான் இருந்தது.

"இந்த வாரம் மூணு தடவை வர்றேன்னீங்க. மூணு தடவையும் பாதிச் சாப்பாட்டுல கை கழுவிட்டு ஓடிப்போய் அவுத்துவிட்டேன். ஆளைக் காணோம். இன்னிக்கும் அப்படித்தான்னு விட்டுட்டேன்."

கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"இது எவ்வளவு நேரம்மா?"

"எது சார்?"

"கட்டி வைக்கிறது."

யோசித்தாள். கணக்குப் போடுவது போல உதட்டைக் குவித்தாள். "நீங்க போனதுல இருந்து நீங்க வர்ற வரைக்கும்."

"ஏன்?"

"ஏன்னா? ரெண்டு பேரு சார் நாங்க. இருபத்திரண்டு பேருக்கு. அந்தக் கட்டில்ல போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வெற்றிலைக் கறைப் பல்லோடு எப்போதும் என்னிடம் மணி கேட்பவர். திடீரென்று ஒரு வாரம் இல்லை. மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மேடம் சொன்னார்.

"மகன் வீடா? அவரு கட்டிலோட சைடு கம்பியை உங்க அண்ணன்தான் கழட்டினாரு. திருகாணியெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருந்தாரு பாவம். பெரியவர் புரண்டு விழுந்து இடுப்பு போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனவரு திரும்பல."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்கல்ல?"

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மரியாதையாக, வாடிக்கையாளர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பது போல.

சின்னக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குரலைத் தணித்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்துட்டு, கீழ இறங்கிப் போனது நீங்கதானே?"

சுவரில் இருந்த கண்ணாடியைக் காட்டினாள். அதில் கதவு முழுதாகத் தெரிந்தது.

"உசுரே போயிடுச்சு எனக்கு. வேலை போச்சுன்னு நினைச்சேன். வீட்டுல மூணு பேரு என் கையைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. அப்புறம் நாலு மணிக்கு நீங்க இருமிக்கிட்டே ஏறி வந்தீங்க பாருங்க, அப்பதான் மூச்சு வந்துச்சு." சிரித்தாள். "எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

9

இதுவரை எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பினேன். அன்றே அழைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசகர் ஒண்ணு கேப்பார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட வேண்டியதுதானே?"

வாசகர் கேட்டால் பதில் சொல்கிறேன். இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்னால் அண்ணன் ஐந்து நாள் என் வீட்டில் இருந்தார். இரண்டாம் நாள் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். மூன்றாம் நாள் மின்சாரப் பெட்டி. ஐந்தாம் நாள் நான் குளிக்கப் போகும்போது அவர் அறையை வெளியே தாழிட்டேன். குளித்து, உடை மாற்றி, செய்தித்தாளையும் படித்த பிறகுதான் திறந்தேன். அப்போது அது நான் செய்த காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை. மழைக்குச் சன்னலைச் சாத்துவது போலச் செய்தேன். இப்போது இந்தப் பத்தியை எழுதும்போதுதான் அதை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

வேறு இல்லம்? இரண்டு இடங்களில் விசாரித்தேன். இரண்டிலும் அன்பாகப் பேசினார்கள். பேச்சு முடியும்போது இரண்டிலும், "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் பண்ணிடுங்க சார்," என்றார்கள்.

புகார்? எழுதினால் இல்லத்தை மூடுவார்கள். இருபத்திரண்டு பேர் இருபத்திரண்டு வீடுகளுக்குப் போவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் உண்டு.

"சரி," என்றார் ஆசிரியர். "கடைசியில ஏதாவது ஒரு சின்ன வெளிச்சம்?"

"அண்ணிகிட்டச் சொன்னேன்," என்றேன்.

சொல்லத்தான் செய்தேன். சமையலறையில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும், கண்ணாடி வரைக்கும் சொன்னேன். அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்த சட்டை வாங்கின அன்னைக்கே எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "உங்களுக்குத் தெரியாம பாத்துக்கிட்டேன். நீங்களாவது நிம்மதியா இருங்கன்னு."

ஆசிரியரிடம் இதையும் சொன்னேன். "அதை முடிவா வச்சுக்கலாமே," என்றார்.

வைத்திருக்கலாம். அது அழகாகவும் இருக்கிறது, யாரும் எதுவும் செய்ய வேண்டியதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு சனிக்கிழமை வந்தது.

10

இப்போதெல்லாம் நான் வருவதற்கு முன்னால் அவர்கள் அவிழ்ப்பதில்லை. அழைக்கவும் தேவையில்லை என்று சின்னக்கா சொல்லிவிட்டாள். "உங்களுக்குத்தான் தெரியுமே சார்." வீட்டு ஆளைப் போல. நானே போய், நானே அவிழ்த்து, ஒரு மணி நேரம் அண்ணனை நடைவழியில் கைபிடித்து நடக்க வைக்கிறேன். அவர் ஒவ்வொரு கதவுக் கீலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவார். ஐந்து மணிக்கு நான் கிளம்புவேன். நான் படியிறங்கிய பிறகு அவள் வந்து கட்டுவாள். அதற்குமுன் நான் போயிருப்பேன். அந்த ஒன்றை மட்டும் நாங்கள் விட்டுவைத்திருந்தோம்.

போன சனிக்கிழமை இன்னொரு உதவியாளர் வரவில்லை. இருபத்திரண்டு பேருக்கும் சின்னக்கா ஒருத்தி. ஐந்து மணிக்கு அவசரமாக உள்ளே வந்து, துவைத்து மடித்த இரண்டு நாடாக்களை என் கையில் வைத்தாள்.

"போறப்ப நீங்களே போட்டுட்டுப் போயிடுங்க சார். அந்த அறையில ஒருத்தர் வாந்தி எடுத்துட்டாரு. எனக்குக் கை ஒழியல."

"எனக்குத் தெரியாதும்மா."

"ரெண்டு விரல் உள்ள போகணும், அவ்வளவுதான். ரத்தம் ஓடணும்ல? ரொம்ப இறுக்கிடாதீங்க."

போய்விட்டாள்.

துணி மெத்தென்று இருந்தது. பலமுறை துவைத்த மென்மை. அண்ணனைப் படுக்க வைத்தேன். வலது கையை எடுத்தேன், நாடாவைச் சுற்றினேன், கம்பியில் முடிச்சிட்டேன். இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். என் விரல்கள் சில்லென்று இருந்தன, அவர் கை சூடாக இருந்தது. அண்ணன் முழு நேரமும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தை அல்ல. நெற்றியைச் சுருக்கி, வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கிற பார்வை. பல மாதமாக அவர் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

முடித்ததும் தன் இடது கையைக் கொண்டுவந்து முடிச்சைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தார். தலையை அசைத்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் பேசினார்.

"லூசா இருக்கு. மறுபடி போடு."

கோபமில்லை. உடன் வேலை செய்யும் ஆளிடம் சொல்வது போல, பொறுமையாக.

மறுபடி போட்டேன். இழுத்துப் பார்த்தார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. சரியாக இருந்தால் அவர் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு இடது கையைத் தானே மறுபக்கம் கொண்டுபோய்க் கட்டில் கம்பியின் மேல் வைத்தார். வைத்துவிட்டு, அசைக்காமல், எனக்காகக் காத்திருந்தார்.

இதற்குப் பின்னால் வரும் பத்தியை மூன்று முறை எழுதினேன். ஒன்றில் வலது கையையும் அவிழ்த்துவிட்டு ஓடுகிறேன். ஒன்றில் சின்னக்கா திரும்பி வரும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவதில், அவர் சொல்லித்தர வேண்டிய தேவையில்லாமல், ஒரே தடவையில் சரியாகக் கட்டுகிறேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். எது நடந்தது என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதைப் பற்றி நினைக்கும் வேலை உங்களுக்கு இல்லாமல் போய்விடும், நீங்கள் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மணி ஐந்து பத்து. சின்னக்கா வர எப்படியும் கால் மணி நேரம் ஆகும். இரண்டாவது நாடா போர்வையின் மேல் கிடக்கிறது. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கை கம்பியின் மேல் இருக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன். அறையில் இப்போது அவரும் நீங்களும்தான்.